பீர்க்கம்பூ கேட்ட மகளுக்கு

இயேசு மரி சூசை துணை

வடக்குக் கரைப்பட்டி,
புதூர் வழி,
9-11-1978

அன்பு மகள் ஸ்டெல்லாமேரிக்கு அம்மா இஞ்ஞாசியம்மாள் ஆசீர் சொல்லி எழுதுவது. நான் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஆடுகளை ஏசிக்கொண்டு சுகமாகவே இருக்கிறேன். அங்கே மாப்பிள்ளைக்குக் கண்ணும் நகமும் மஞ்சளாகிப் படுத்திருக்கும்போது உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று ஒப்புக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்கள் தேறி எழுந்து மறுபடி வேலைக்குப் போனார்கள் என்று நீ எழுதுகிற நாள் வரைக்கும் இந்த வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன். கஞ்சியும் துவையலும் எனக்குப் புதிதில்லை, அதற்காக நீ ஒன்றும் வருத்தப்பட வேண்டாம்.

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை பகல் வந்தது. வாசித்த கையோடு பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய்த் தந்தி கொடுத்தேன், இந்நேரம் பிலாய்க்கு வந்து சேர்ந்திருக்கும். பூ கொடுக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, கடிதம் பின்னால் வருகிறது, இந்த மூன்று சங்கதிதான் சொன்னேன். தபாலாபீஸில் இருந்த கண்ணாடிக்காரர் என்ன பூ அம்மா என்று கேட்டார், பீர்க்கம்பூ என்றேன், அதற்கு இங்கிலீஷில் என்னவென்று அவருக்கும் தெரியாமல் நாட்டு மருந்து கொடுக்காதே என்று மாற்றிப் போட்டுத் தந்தார். சரி, உனக்குப் புரிந்தால் போதும். மாப்பிள்ளையை அவர்கள் கம்பெனி ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிடு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடு, கஞ்சியில் உப்பு கொஞ்சம் போடு, எண்ணெய் நெய் கறி எதுவும் கிட்டத்தில் வரக்கூடாது. டாக்டர் எது கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரி வேரைக் கொடுத்தாள் இலையைக் கொடுத்தாள் என்று ஏதாவது உள்ளே போயிருந்தால் அதையும் சொல்லிவிடு, வெட்கப்படாதே. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

ஊர்ச் சேதியை முதலில் எழுதிவிடுகிறேன், கை கொஞ்சம் பழகட்டும். ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, நம் கரிசலில் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு போய்விடுகிறது. பருத்தி முழங்கால் உயரம் நிற்கிறது, ஊடுபயிராகப் போட்ட உளுந்தில் மட்டும் புழு விழுந்திருக்கிறது. காதில் வெள்ளை மறை உள்ள ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. கோயில் கூரைக்கு ஓடு மாற்றுகிறார்கள், பூசை வேப்பமரத்தடியில்தான் நடக்கிறது, சாமியார் பிரசங்கம் நீளும்போது காக்காய்கள் பொறுப்பதில்லை. கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுதிரி வைத்துவிட்டு வந்தேன். உன் பேரைச் சொல்லியும் ஒரு திரி வைத்தேன், காற்றில் அணைந்து அணைந்து போயிற்று, நாலு தடவை பற்றவைத்தேன். இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். எத்தனை பூ, எதில் அரைப்பது, எதில் கலக்குவது, எத்தனை காலை என்று கேட்டிருக்கிறாய். அங்கே குவார்ட்டர்ஸ் வேலியில் பீர்க்கு படர்ந்து கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, இந்தத் தடவை யாரிடமும் பேசாமல் போய்ப் பறித்துக்கொண்டு வருவேன், பயப்படாதே அம்மா என்று ஒரு வரி. ஸ்டெல்லா, தந்தி கொடுத்துவிட்டு வந்து அந்த வரியை மறுபடி வாசித்துவிட்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எத்தனை பூ என்று நான் எழுத மாட்டேன். ஏன் எழுத மாட்டேன் என்பதை எழுதுகிறேன், முழுக்க வாசி, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

நான் பூ மருந்துக்காரி என்று பேர் வாங்கியது உனக்குத் தெரியும். காய்ப்பதற்கு முன்னால் செடி தன் சத்தையெல்லாம் பூவில்தான் வைக்கிறது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. உடம்பு அசந்து போனவனுக்கு முருங்கைப்பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பேன், உச்சிச்சூட்டுக்கு அகத்திப்பூ, மண்டையிடிக்குச் சுரைப்பூவை அரைத்து நெற்றியில் பற்று, காமாலைக்குப் பீர்க்கம்பூ. கயத்தாற்றிலிருந்துகூட ஆள் வரும், ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மருந்துப் பூவுக்கு இரண்டு கட்டுத்திட்டம் உண்டு. பொழுது கிளம்புமுன் பறித்து வரவேண்டும், போகும்போதும் வரும்போதும் ஒருவரோடும் வாய் திறக்கக்கூடாது, இது ஒன்று. அரைத்த மருந்தை நோயாளிக்கு முன்னால் வேறு நாக்கு தொடக்கூடாது, இது இரண்டாவது. குழம்புக்குப் பீர்க்கங்காய் நறுக்கும்போது எந்தப் பொம்பளையும் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் சட்டியில் போடமாட்டாள், கசந்தால் அது பேய்ப்பீர்க்கு, விஷம், தூரப் போட்டுவிடுவாள். காய்க்கு அவ்வளவு கவனம், மருந்துக்கு அது கூடாதாம். இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் உன் அப்பாவுக்குக் காமாலை வந்தது. உனக்குப் பதினொரு வயது. அன்றைக்குக் காலையில் உன்னை அய்யாத்துரை அண்ணாச்சி கிணற்றுத் தோட்டத்துக்குப் பூப் பறிக்க அனுப்பினேன், ஒன்றரை மைல். பிஞ்சோடு சேர்ந்த பூவாகப் பார்த்துப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாய். வந்ததும் நீயேதான் சொன்னாய், சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வழியில் பால்காரி சொர்ணத்தாய் எதிரே வந்து, உங்க அய்யாவுக்கு எப்படிட்டி இருக்குன்னு கேட்டாவ, நேத்து கஞ்சி குடிச்சாவ சித்தீன்னு சொல்லிட்டேன்மா என்றாய். அவ்வளவுதான் நீ பேசியது. நான் உன் தொடையில் கிள்ளினேன். மருந்து இறங்குகிற வரைக்கும் வாயைத் திறந்தால் கொன்றுபோடுவேன் என்று சொல்லிக் குடத்தைக் கையில் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பினேன். நீ திரும்பி வரும்போது நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன். நீ கொண்டுவந்த பூவைத்தான் அரைக்கிறேன் என்று நினைத்தாய். இன்று வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அது உன் பூ இல்லை. நீ பறித்து வந்ததைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டேன், பேசி வந்த பூ பலிக்காது என்று. மறுபடியும் அய்யாத்துரை தோட்டத்துக்குப் போய்வரப் பொழுது இல்லை, கிழக்கே வெளுத்துவிட்டது. நம் ஆட்டுப்பட்டி வேலியில், முள் உடைமரத்தின் மேல் ஒரு பீர்க்கங்கொடி ஏறிப் பூத்துக்கிடந்தது. மழைக்குத் தானாக முளைத்த கொடி. பூ அதே மஞ்சள், இலை அதே இலை. ஓடிப்போய் அதில் பறித்துவந்து அரைத்தேன். ஒரு துளி நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், முறை தவறக்கூடாது என்று வைக்கவில்லை. உன் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, என்னட்டி இப்படிக் கசக்குது என்றார்கள். பீர்க்கம்பூ கசக்காது மகளே, அதற்கு முன்னால் நான் கொடுத்துக் குடித்த ஒருவரும் கசக்கிறது என்று சொன்னதில்லை. அது என் காதில் விழுந்தும் புத்தியில் விழவில்லை. மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், குடிங்க என்றேன். நான் சொன்னால் மறுபேச்சுப் பேசுகிற மனுஷனா அவர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. நீ பார்த்தாய். நீ பார்க்காதது, நான் சந்தோஷப்பட்டேன் என்பது. பித்தம் வெளியே போகிறது, மருந்து பிடித்துவிட்டது என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு துணி அலசினேன். சாயங்காலம் அம்மியைக் கழுவும்போது விரல் உதட்டில் பட்டுவிட்டது. அந்தக் கசப்பை என்னவென்று எழுதுவேன், இரண்டு நாள் சோறு தண்ணீர் எதுவும் ருசி தெரியவில்லை. அது பேய்ப்பீர்க்கு என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி கட்டச்சொல்லி ரோட்டுக்குக் கொண்டுபோய், வந்த லாரியை மறித்து ஏற்றிக் கோவில்பட்டிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீங்களா என்றுதான். ஒண்ணும் கொடுக்கலை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பதினாலு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம்தான், வேறென்ன. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று எந்த டாக்டரிடமும் நான் போய்க் கேட்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் உயிர் போயிற்று.

இது வரைக்கும் நான் செய்தது பிசகு. இதற்குப் பிறகு செய்ததைப் பாவம் என்றுதான் சொல்லவேண்டும். இழவுக்குத் துட்டி கேட்க வந்த பொம்பளைகள், உன் கையால் எத்தனையோ பேர் பிழைத்தார்களே, சொந்த மனுஷனுக்கு எப்படித் தவறிற்று என்று கேட்டார்கள். அடுத்த வீட்டு மாடத்தியிடம் நான் சொன்னேன், பிள்ள வழியில பேசிட்டா மதினி, அதான் முறிஞ்சுபோச்சு என்று. ஒரு தடவைதான் சொன்னேன். அது போதுமே இந்த ஊருக்கு. மறுநாளே தெருவெல்லாம் அதுதான் பேச்சு, அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததால் அப்பன் போய்விட்டான் என்று. நான் மாடத்தியிடம் சொன்னதை நீ கேட்டாய், எனக்குத் தெரியும், நீ மாட்டுத்தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அழவும்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு நீ பேச்சைக் குறைத்துவிட்டாய். அதற்கு முன்னால் நீ எப்படி இருந்தாய் தெரியுமா, ஆட்டோடு பேசுவாய், அடுப்போடு பேசுவாய், ஏட்டி வாயை மூடுதியா இல்லையா என்று நானே சலித்துப்போவேன். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர், இவ்வளவு அமைதியான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்று மெச்சினார்கள், அதையும் கேட்டுக்கொண்டு வந்தேன். உன் கல்யாணத்தன்றைக்கு மாடத்தி உன் தலையைத் தடவி, இப்படியே வாயடக்கமா இரு, போற வீட்டுல நல்ல பேரு எடுப்ப என்று சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரயில் ஏற்றி அனுப்பும்போது சொல்லியிருக்கலாம். நாலு வரிக் கடுதாசி நாலு வரிக் கடுதாசியாக நீ எழுதிக்கொண்டிருந்த இந்த ஐந்து வருஷத்தில் எப்போதாவது எழுதியிருக்கலாம். உன் அப்பா போன மாதத்துப் பாவசங்கீர்த்தனத்தில் பூவைப் பற்றிச் சொன்னேன், பங்குச்சாமியார், தெரியாமல் செய்தது பாவமாகாது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். உன்மேல் பழி போட்டதை நான் அவரிடமும் சொல்லவில்லை. அது தெரிந்து செய்ததல்லவா.

நான் தண்டனை அனுபவிக்கவில்லை என்று நினைக்காதே. அன்றிலிருந்து ஒருவருக்கும் மருந்து கொடுத்ததில்லை, புருஷன் போன துக்கத்தில் விட்டுவிட்டாள் என்று ஊர் நினைக்கிறது. இந்த வீட்டிலிருந்து எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் வெளியே கொடுப்பதில்லை. சாமியாருக்குக் காப்பி கொடுத்தாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன், ஆட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணீர் வைத்தாலும் அப்படித்தான், கிறுக்கு என்று சிரிக்கிறார்கள். அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்தேன். அடுத்த மழைக்கு அதே உடைமரத்தில் ஏறி நிற்கிறது. விதை இந்த மண்ணில் எத்தனை ஆழத்தில் கிடக்கிறதோ, பதினாலு மழைக்கும் பதினாலு தடவை பிடுங்கியாயிற்று. புரட்டாசி பிறந்தாலே சாயங்காலத்தில் ஆட்டை அடைக்கப் போகிறபோது அந்த மஞ்சள் பூ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கெல்லாம் வெறும் தண்ணீர் குடித்தாலும் கசக்கும், என்னட்டி இப்படிக் கசக்குது என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன், ஆடு நிற்கும். இந்த வருஷம் மழை நல்ல மழையல்லவா, கொடியும் நன்றாக இருந்தது.

நேற்று மாடத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடுதாசியில் உனக்கு மட்டும் சொல்லிவிட்டு ஊரில் உன் பழியை அப்படியே விட்டுவைத்தால் அது பாதி மன்னிப்புகூட ஆகாது. அவள் மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். மதினி, அந்தப் பிள்ளை கல்யாணத்துலகூட நான் வாயடக்கம்னு சொன்னேனே, அத எந்த முகத்தோட வாங்கியிருப்பா என்றாள். எழுந்து போய்விட்டாள். இன்றைக்குக் காலையில் குழாயடியில் என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள், அவள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். எனக்கு அது நல்லதுதான். சொர்ணத்தாயிடமும் நானே போய்ச் சொல்லவேண்டும், நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பேசியிருக்காதே என்று அவளும் இத்தனை வருஷம் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மகளே, நீ பறித்த பூ நல்ல பூ. நீ பேசியதால் எதுவும் முறியவில்லை. உன் பூவையே நான் அரைத்துக் கொடுத்திருந்தால் அது அவர்களைக் குணப்படுத்தியிருக்குமோ இல்லையோ, கொன்றிருக்காது. குணமானவர்களுக்கெல்லாம் காமாலை என் பூவால்தான் போயிற்றா, தானாகவே போயிற்றா என்பதுகூட எனக்கு இப்போது சந்தேகம்தான். மாப்பிள்ளை கட்டிலருகே உட்கார்ந்து நர்சிடம் பேசு, டாக்டரிடம் கேள், பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு பேசு, இந்தி வராவிட்டால் கையைக் காட்டிப் பேசு. எனக்கும் எழுது. என்னை ஏசி எழுதினாலும் சரி, நான் நியாயம் பேசமாட்டேன், ஆனால் நாலு வரியில் ஏசாதே.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வை, மருந்து வேளை தவறாதே, நீயும் பட்டினி கிடக்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீரைச் சொல்லு. தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ம. இஞ்ஞாசியம்மாள்

கவரை ஒட்டியபிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மருந்து குடித்த அன்றைக்குப் பகலில் உன் அப்பா உன்னை மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீ என்னைப் பார்த்தாய், நான் உதட்டில் விரலை வைத்தேன், நீ பதில் சொல்லவில்லை. அதை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குத் தெரியாதது இது. வண்டியில் போகும்போது, பிள்ளைக்கு எம்மேல என்ன கோவம், கூப்பிட்டதுக்கு ஏன் பேசல என்று கேட்டார்கள். கோபமெல்லாம் இல்லை, நான்தான் பேசக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளப் பேச விடுட்டி என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அது உனக்காகச் சொன்ன வார்த்தை, ஸ்டெல்லா, இத்தனை வருஷம் நானே வைத்துக்கொண்டிருந்தேன்.